பந்து காலில் இல்லாத நேரம்

கொல்கத்தா நியூ டவுனில் ஆட்டோவில் ஏறி ‘ஷாபூர்ஜி’ என்றால் போதும், டிரைவர் மறுகேள்வி கேட்கமாட்டார். சுகோபிருஷ்டி என்ற அந்தப் பெரிய குடியிருப்பின் வாடகை ஃபிளாட் ஒன்றுக்கு 2021 ஜூன் 9 பிற்பகலில் மேற்கு வங்கப் போலீஸின் சிறப்பு அதிரடிப்படை வந்தது. பஞ்சாப் போலீஸ் வலைவீசித் தேடிக்கொண்டிருந்த ஜெய்பால் சிங் புல்லரும் அவருடைய கூட்டாளி ஜஸ்ப்ரீத் சிங்கும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஒருவருக்குக் குண்டடி. அதற்கு முந்தைய மாதம்தான் பஞ்சாபின் ஜக்ராவ்ன் தானிய மண்டியில் இரண்டு ஏ.எஸ்.ஐ.க்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த வழக்கில் தேடப்பட்டவர்கள் இவர்கள்.

விளையாட்டுப் பக்கத்தில் இது எதற்கு? புல்லர் ஒரு காலத்தில் சங்கிலிக் குண்டு எறியும் வீரர். 7.26 கிலோ குண்டு, 2.135 மீட்டர் விட்டமுள்ள வட்டம், மூன்று அல்லது நான்கு சுழற்சி, பிறகு கையை விடவேண்டும். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் குண்டு வலையில்தான் போய் விழும். லூதியானாவின் பயிற்சி மைதானத்திலிருந்து ஆள்கடத்தல், கொலை, கொள்ளை என்று போன வாழ்க்கை. இதைக் கேட்ட மாத்திரத்தில் நம் திரைக்கதைக்காரர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். முதல் காட்சியில் ஸ்லோமோஷனில் குண்டு சுழலும், கடைசிக் காட்சியில் தோட்டா சுழலும். இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாம்.

அந்தப் படத்தைப் பார்க்க எனக்கு ஆர்வமில்லை. கால்பந்தில் ஒரு ஆட்டக்காரரை எடைபோட, பந்து அவர் காலில் இல்லாதபோது அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பார்கள். சால்ட்லேக் மைதானத்தில் ஈஸ்ட் பெங்கால் ரசிகரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். போலீஸ் ஊழலைச் சொல்லும் படங்களுக்கும் இதே அளவுகோல்தான். அடிக்கிற போலீஸ், லஞ்சம் வாங்குகிற போலீஸ் எல்லாம் பந்து காலில் உள்ள வேடங்கள். யார் செய்தாலும் கைதட்டல் விழும். கஷ்டமான வேடம் பக்கத்தில் நிற்பவருடையது. நடப்பது தப்பு என்று தெரிந்தும் ஜீப்பில் ஏறி உட்காருகிறாரே, அவருடையது.

வெற்றிமாறனின் ‘விசாரணை’யை எடுத்துக்கொள்வோம். குண்டூரில் பிழைக்கப்போன தமிழ்த் தொழிலாளர்களைச் செய்யாத திருட்டுக்காக அடித்து நொறுக்கும் அதிகாரியாக அஜய் கோஷ் மிரட்டியிருப்பார். மு.சந்திரகுமார் தான் பட்டதை எழுதிய ‘லாக்கப்’ நூலிலிருந்து வந்த பகுதி அது. ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துவது சமுத்திரக்கனியின் முத்துவேல். தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர், வேறு வேலையாக ஆந்திர நீதிமன்றத்துக்கு வந்தவர். தெலுங்கு தெரியாத பையன்கள் திணறும்போது அவர்கள் சொல்வதை நீதிபதிக்கு மொழிபெயர்க்கிறார். பையன்கள் தப்பிக்கிறார்கள். அடுத்த காரியமே, ஆடிட்டர் கே.கே.வை அங்கிருந்து தூக்கிவர அதே பையன்களைப் பயன்படுத்திக்கொள்கிறார். நல்லவரா கெட்டவரா என்று நாம் முடிவு கட்டுவதற்குள் கார் மாநில எல்லையைத் தாண்டிவிடுகிறது.

இரண்டாம் பாதியில் கே.கே. காவலில் இறந்தபின் சமுத்திரக்கனியைக் கவனியுங்கள். அறையில் மற்றவர்கள் பேசுகிறார்கள், திட்டம் போடுகிறார்கள், போனில் மேலிடத்துக் கட்டளை வருகிறது. அவர் குரலை உயர்த்துவதே அபூர்வம். மறுக்கவேண்டிய ஒவ்வொரு தருணத்திலும் அரைக்கணம் தாமதிக்கிறார், அந்த அரைக்கணத்திலேயே தோற்றுவிடுகிறார். கடைசியில் பையன்களைச் சுடச் சொல்கிறார்கள். அங்கே அவர் தயங்க, சக போலீஸின் தோட்டா அவர்மீதே பாய்கிறது. துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது, சரிதான். எனக்கென்னவோ அந்தப் படத்தின் நாயகனே அவர்தான் என்று படுகிறது.

இந்தியில் இதற்கு முன்னோடி 1983-ல் வந்த கோவிந்த் நிஹலானியின் ‘அர்த் சத்யா’. ஓம் புரியின் வேலங்கர் நேர்மையான சப்-இன்ஸ்பெக்டர்தான். லாக்கப்பில் ஒருவனை அடித்துக் கொன்றுவிட்டு, தன்னைக் காப்பாற்றச் சொல்லி, தான் வெறுக்கும் தாதாவின் வாசலுக்கே போய் நிற்கிறார். அவரைப் போலீஸில் சேர வற்புறுத்தியதும் ஒரு போலீஸ்கார அப்பா என்பதை மனதில் வையுங்கள். ஹாலிவுட்டின் ‘டிரெய்னிங் டே’யில் டென்சல் வாஷிங்டன் ஆஸ்கர் வாங்கினார், மறுப்பதற்கில்லை. ஆனால் படம் முழுக்கப் பந்து அவர் காலிலேயே இருக்கிறது. விழித்துக்கொண்டு கூடவே ஓடும் ஈத்தன் ஹாக்தான் நமக்காக அந்தக் காரில் உட்கார்ந்திருப்பவர்.

நம் ஊரிலும் வாடகை வீட்டு என்கவுன்டர் உண்டு. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லி 5 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ‘விசாரணை’யின் கிளைமாக்ஸைப் பார்க்கும் சென்னைவாசிக்கு அது நினைவுக்கு வராமல் போகாது. 2014-ல் உச்ச நீதிமன்றம் என்கவுன்டர் மரணங்களுக்கு 16 நெறிமுறைகளை வகுத்தது. எஃப்.ஐ.ஆர். கட்டாயம், வேறு காவல் நிலையமோ சி.ஐ.டி.யோ விசாரிக்கவேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் வேண்டும். நம் சினிமா என்கவுன்டரோடு இடைவேளை விடும் அல்லது ‘சுபம்’ போடும். நெறிமுறை தொடங்கும் இடத்தில் கேமராவை மூடிவிடுவார்கள்.

நியூ டவுன் கதை சூடு பிடிப்பதே அந்த இடத்தில்தான். புல்லரின் தந்தை பஞ்சாப் போலீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனின் உடலில் சித்திரவதைக் காயங்கள் இருப்பதாகச் சொல்லி, மறு பிரேதப் பரிசோதனை கேட்டுக் குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. நடந்தது துப்பாக்கிச் சண்டை என்பது போலீஸ் தரப்பு. பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் இது தன் எல்லைக்குள் வராது என்று முதலில் திருப்பி அனுப்பியது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையில் மறு பரிசோதனைக்கு அதே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்ற வழக்கில் தேடப்பட்ட மகன். ஒரு காலத்தில் தானே போட்டிருந்த காக்கி. பஞ்சநாமா என்ற விசாரணைக் குறிப்பு எப்படி எழுதப்படும் என்று அறிந்த ஒருவர், தன் வீட்டுப் பிணத்துக்கு எழுதப்பட்ட பஞ்சநாமாவை வாசிக்கும் காட்சியை யாராவது எழுதட்டும். மகன்மேல் பாசமா, இலாகாமேல் சந்தேகமா, இலாகாவை உள்ளிருந்து பார்த்த அனுபவமா? மூன்றையும் ஒரே முகத்தில் காட்டவேண்டும், அழுகை கூடாது, வசனமும் அதிகம் ஆகாது.

இந்தியில் எடுத்தால் பங்கஜ் கபூரை விட்டால் ஆளில்லை. தமிழில் என்றால் எம்.எஸ்.பாஸ்கர். ‘8 தோட்டாக்கள்’ படத்தில் போலீஸ் துப்பாக்கி கைக்கு வந்துசேர்ந்த பெரியவராக அவர் நடித்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. தயாரிப்பாளர் எப்படியும் அதிரடிப்படை அதிகாரிக்கு ஒரு பெரிய ஹீரோவைத்தான் கேட்பார். கொடுத்துவிடுங்கள், பத்து நிமிஷ வேடமாக.