ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோளும் சான்றாதாரமும்

இந்த மலருக்கு வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பை மலர்க்குழுவினர் இம்முறை என்னிடம் ஒப்படைத்தார்கள். தலைநகருக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன; தமிழில் இத்தனை பேர் இங்கே ஆராய்கிறார்களா என்று மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. கட்டுரைகளின் கருத்தில் எனக்குப் பெரிய குறையில்லை. குறையெல்லாம் அடிக்குறிப்பில்தான். அதைச் சொல்லப் போனால் முதலில் என் குட்டுதான் வெளிப்படும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

சங்க காலக் கல்வி பற்றி ஒரு கட்டுரை. நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள், இங்கேயே ஆய்வு செய்கிற பெண், எழுதியது. ஆசிரியருக்கு ஒரு துன்பம் வந்தால் உதவியும் பொருள் கொடுத்தும் கற்க வேண்டும் என்று சொல்கிற புறநானூற்றுப் பாட்டை எடுத்துக்காட்டி, அடியில் ‘புறநானூறு 138, உ.வே.சா. பதிப்பு’ என்று பக்க எண்ணோடு போட்டிருந்தாள். அந்தப் பாட்டு 138 அல்ல, 183. பாடியவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். 138ஆம் பாட்டு மருதன் இளநாகனார் நாஞ்சில் வள்ளுவனைப் பாடியது. அதற்கும் கல்விக்கும் சம்பந்தமே இல்லை. எண் புரண்டிருக்கிறது, திருத்திவிட்டுப் போகலாம் என்று பேனாவை எடுத்தேன். எங்கேயோ பார்த்த பிழை மாதிரி இருந்ததே என்று யோசித்தால், அது என் பிழைதான்! 1987இல் வேறொரு சங்க மலரில் நான் எழுதிய கட்டுரையில் இதே 138, இதே பக்க எண்.

பெண்ணுக்குத் தொலைபேசி செய்தேன்.

“ஏம்மா, இந்தப் பாட்டை எதுல பார்த்தே?”

“உங்க கட்டுரையிலதான் அங்கிள். அதுல உ.வே.சா. பதிப்புன்னு இருந்துது, நானும் அதையே போட்டுட்டேன். உங்க பேரைப் போட்டா கைடு ஒத்துக்க மாட்டார். மூல நூலைத்தான் காட்டணும்பார்.”

அவளைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை? நானும் அந்தப் பதிப்பைப் பார்த்து எழுதவில்லை. ஒரு துணைநூலில் கண்ட வரிகளை அச்சுப்பிழையோடு எடுத்துக்கொண்டு, அந்தத் துணைநூலின் பெயரை மறைத்துவிட்டு, பெரியவர் பெயரைப் போட்டேன். மூல நூலைக் காட்டு என்று நெறியாளர்கள் வற்புறுத்துவது சரியே. ஆனால் மூல நூலைப் படித்தாயா என்று யாரும் கேட்பதில்லை. அதனால் படிக்காததைப் படித்ததாகக் காட்டும் பழக்கம்தான் வளர்ந்திருக்கிறது. ‘இன்னார் கட்டுரையில் எடுத்தாளப்பட்டது’ என்று எழுதினால் மதிப்பெண் குறையலாம். குறைந்தால் குறையட்டுமே.

எண் மாறியதால் என்ன குடிமுழுகிவிட்டது என்று கேட்கலாம். அந்தப் பாட்டை எல்லாரும் தொடக்கத்தோடு நிறுத்திவிடுகிறோம். மேலே படித்தால், ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்குள்ளும் கற்ற பிள்ளையின் பக்கம்தான் தாய்மனமும் சாயும் என்கிறது. மூத்தவன் என்று பார்க்காமல் அறிவுள்ளவன் வழியில்தான் அரசும் போகும் என்கிறது. கடைசியில், வேறுபாடு கொண்ட நால்வகையாருள்ளும் கீழே உள்ளவன் கற்றால் மேலே உள்ளவனும் அவனுக்குக் கட்டுப்படுவான் என்று முடிகிறது. கல்விக்கு எவ்வளவு பெரிய பெருமை! ஆனால் மேல், கீழ் என்ற பிரிவு அன்று இருந்ததற்கும் அதுவேதான் சான்று. என் 1987 கட்டுரையின் வாதம் என்ன தெரியுமா? சங்க காலத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது என்பது. அதற்கு ஆதாரமாக நான் காட்டிய பாட்டே இதுதான்! புத்தகத்தைத் திறந்திருந்தால் அந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பெண்ணும் அதே வாதத்தைத்தான் இரண்டு பத்தியில் செய்திருக்கிறாள்.

“அடிக்குறிப்பெல்லாம் வெள்ளைக்காரன் வழக்கம் சார், நமக்கெதுக்கு?” என்றார் மலர்க்குழு நண்பர் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது (1887) பட்ட பாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். உரையெழுதிய நச்சினார்க்கினியர் பல இடங்களில் பழைய நூல்களின் அடிகளைக் காட்டுகிறார். இன்ன நூல் என்று சொல்லாமல், பிறரும் சொன்னார்கள் என்ற அளவில் விட்டுவிடுகிறார். பத்துப்பாட்டு, எட்டுத்தொகை ஏடுகளைப் படித்த பிறகுதான் பல அடிகளின் பிறப்பிடம் ஐயருக்குப் புலப்பட்டது. அந்தச் சிரமத்தை அவர் பிறருக்கு வைக்கவில்லை. அவருடைய புறநானூற்றுப் பதிப்பில் ‘மேற்கோளாட்சி’ என்று ஒரு பகுதி இருக்கும். எந்தப் பாட்டின் எந்த அடியை எந்த உரையாசிரியர் எங்கே எடுத்தாண்டார் என்று அதில் காணலாம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அவர் பெயர் நமக்குத் தெரியாது. புறத்திரட்டு என்ற தொகைநூலைத் தொகுத்தவர். பல நூல்களிலிருந்து செய்யுட்களைத் திரட்டிய அவர், இது இன்ன நூலினது என்று குறித்து வைத்தார். எஸ். வையாபுரிப்பிள்ளை 1938இல் அதைப் பதிப்பித்தார். முத்தொள்ளாயிரம் முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை இன்றைக்கும் முத்தொள்ளாயிரம் என்று சொல்லிப் படிக்கிறோமென்றால் அந்தப் பெயரில்லாத மனிதர் போட்ட குறிப்புத்தான் காரணம்.

வேறு சில குறைகளையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தொல்காப்பியத்துக்கு நூற்பா எண் மட்டும் போட்டால் போதாது, எந்த உரை என்றும் சொல்ல வேண்டும். சொல்லதிகாரத்தை இளம்பூரணர் 456 நூற்பாவாகவும் சேனாவரையர் 463 ஆகவும் கொள்கிறார்கள். நாம் சொல்லும் குறள் எண் பரிமேலழகர் வரிசை. மணக்குடவர் உரையைக் காட்டுவோர் கவனிக்கவும். ‘மேலது’ என்று போட்டுவிட்டு நடுவில் புதிதாக ஒரு குறிப்பைச் செருகினால் அது வேறு நூலைக் காட்டும்; இந்த மலரிலேயே நான்கு இடத்தில் பிடித்தேன். மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பில் படித்தால் அதையே சொல்லுங்கள், வெட்கமென்ன? கணினியிடம் கேட்டு வாங்குகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதை. இல்லாத புத்தகத்துக்கும் அது பக்க எண் கொடுக்கிறது. ஆங்கிலக் கட்டுரை எழுதும் நம் பிள்ளைகளுக்கு வேறொரு தொல்லை: பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியதால் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, உழைத்தவர் பிள்ளை, மேற்கோளில் அப்பா!

பெண் கட்டுரையைத் திருத்தி அனுப்பிவிட்டாள். இரண்டு பத்திகளை எடுத்துவிட்டாள். எண் 183 ஆயிற்று. என் பழைய கட்டுரையில் உள்ள பிழையையும் ஒரு வரி குறிப்பிடும்மா என்றேன். “உங்களைப் போய் எப்படி அங்கிள்...” என்று இழுத்தாள். அதனால் நானே இங்கே எழுதிவிட்டேன். உ.வே.சா. பதிப்பு நம் சங்க நூலகத்தில் இரண்டாவது பீரோவில், மேல்தட்டில் இருக்கிறது. 1987லும் அங்கேதான் இருந்தது. சாவி இப்போது என்னிடம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தால் எடுத்துத் தருகிறேன்.