ஆதார விலையும் 47 லட்சம் பேல் கம்பளியும்

1991 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசு கம்பளிக்கான ஆதார விலைத் திட்டத்தை நிறுத்தியது. அப்போது கிடங்குகளில் 47 லட்சம் பேல் (பொதி) கம்பளி விற்காமல் தேங்கிக் கிடந்தது. திட்டத்தை நடத்திய ஆஸ்திரேலியக் கம்பளிக் கழகத்தின் கடன் 270 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. விவசாயி விற்கும் பொருளுக்கு அரசு விலை வைக்கவே கூடாது என்பவர்கள் இன்றும் முதலில் எடுத்துக்காட்டுவது இந்தச் சரிவைத்தான். அவர்கள் கதையின் பிற்பாதியை மட்டும் படிக்கிறார்கள் என்பது என் கருத்து. இதே திட்டம் பத்தாண்டுகளுக்கு மேல் ஒழுங்காக நடந்தது. அது எந்த இடத்தில் கெட்டது என்று பார்க்காமல் மொத்தமாகக் குற்றம் சொன்னால் நாம் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

ஆஸ்திரேலியாவின் செல்வத்துக்கு நெடுங்காலம் அடித்தளமாக இருந்தது மெரினோ ஆடு. கொரியப் போரின்போது ராணுவச் சீருடைக்காகக் கம்பளியை வாங்கிக் குவித்தார்கள். 1950-51இல் நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் கம்பளியே ஈட்டியது. அந்த உச்சம் நிலைக்கவில்லை. செயற்கை இழைகள் வந்தன, விலை ஆண்டுதோறும் தேய்ந்தது. 1970-71இல் ஆடு வளர்ப்பவருக்கு ரோமம் கத்தரிக்கும் கூலிகூடக் கட்டுமா என்ற நிலை வந்தது. அந்த அடியில் பிறந்ததுதான் ஆதார விலை. 1973இல் கம்பளிக் கழகம் அமைந்தது, 1974இல் குறைந்தபட்ச விலை முறையாக நடைமுறைக்கு வந்தது. ஏலத்தில் எந்த வணிகரும் அந்த விலைக்குக் கேட்காவிட்டால் கழகமே வாங்கிக் கிடங்கில் வைக்கும்; சந்தை ஏறும்போது வெளியே விடும். இதற்கான நிதி அரசு கொடுத்த தானமில்லை. ஆடு வளர்ப்பவர்களே தங்கள் விற்பனையிலிருந்து ஒரு பங்கைச் செலுத்தினார்கள்.

1970களின் நடுவில் வாங்கிய சரக்கைக் கழகம் பின்னர் நல்ல விலைக்கு விற்றது. ஏற்ற இறக்கம் தணிந்தது. அடுத்த ஆண்டு கையில் என்ன வரும் என்று ஓரளவு தெரிந்ததால் பண்ணையாளர் வேலி போட்டார், நல்ல கிடா வாங்கினார். வங்கியும் நம்பிக் கடன் கொடுத்தது. நூற்பாலைக்கும் இதில் லாபம் உண்டு. இன்று வாங்கிய கம்பளி நாளை பாதி விலைக்குப் போய்விடும் என்ற பயம் அதற்குக் குறைந்தது.

இதே காலத்தில் இன்னொரு மாற்றமும் வேரூன்றியது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முன்பெல்லாம் வணிகர் கிடங்கில் நடந்து, ரோமத்தைக் கையால் பிரித்து, கண்ணால் பார்த்துத் தரம் சொல்வார். 1970களில் பேலுக்குள் கூர்மையான உலோகக் குழாயைச் செருகி மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் முறை பரவியது. இழையின் தடிமன் எத்தனை மைக்ரான், அழுக்கும் கொழுப்பும் போகக் கழுவிய கம்பளி எத்தனை சதவீதம், முள்ளும் புல்லும் எவ்வளவு என்பதெல்லாம் ஒரே தாளில் வந்துவிட்டது. உலகின் மறுகோடியில் இருக்கும் ஆலைகூடப் பேலைப் பார்க்காமலே நம்பி வாங்க முடிந்தது. பின்னாளில் கம்பளி ஏற்றுமதி மீண்டதற்கு எந்த விலை ஏற்பாட்டையும்விட இந்தத் தாள் அதிகம் உதவியது என்றே சொல்வேன்.

சறுக்கல் 1987இல் தொடங்கியது. அதுவரை ஆதார விலையை இறுதியாக முடிவு செய்யும் அதிகாரம் அமைச்சரிடம் இருந்தது. அது கம்பளி உற்பத்தியாளர்களின் அமைப்புக்கே கைமாறியது. விலை ஏறினால் யாருக்கு லாபமோ அவர்களிடமே விலை வைக்கும் பேனா போய்ச் சேர்ந்தது. அந்த நேரத்தில் சந்தையும் கொதித்துக்கொண்டிருந்தது. 1983இல் மிதக்க விடப்பட்ட ஆஸ்திரேலிய டாலர் சரிந்திருந்ததால் வெளிநாட்டாருக்குச் சரக்கு மலிவாகக் கிடைத்தது. சீனாவும் சோவியத் யூனியனும் அள்ளி வாங்கின. 1988 ஏப்ரலில் சந்தை விலை கிலோவுக்கு 1,269 சென்ட் என்ற உச்சத்தைத் தொட்டது. அசாதாரணமான அந்த ஆண்டை இயல்பு என்று எடுத்துக்கொண்டார்கள். 1986-87இல் 508 சென்ட்டாக இருந்த ஆதார விலை அடுத்த ஆண்டு 645, அதற்கடுத்த ஆண்டு 870 என்று ஏறியது.

இங்கேதான் திட்டத்தின் குணமே மாறிவிட்டது. சரிவைத் தாங்குவதற்காக வைத்த விலை வருமானத்தை உயர்த்தும் கருவியாயிற்று. உலகின் நல்ல ஆடைக் கம்பளியில் பெரும் பங்கு தங்களிடமிருந்தே போகிறது, ஆலைகளுக்கு வேறு வழியில்லை என்று தலைவர்கள் நம்பினார்கள். வழி இருந்தது. நூற்பாலைகள் பாலியஸ்டரைக் கூடுதலாகக் கலந்தன, பருத்திக்கும் மாறின. ஒரு ஆலை இயந்திரத்தையும் கலவையையும் ஒருமுறை மாற்றி அமைத்துவிட்டால், கம்பளி விலை இறங்கியதும் அது மறுநாளே திரும்பி வருவதில்லை. இன்னொரு பக்கம், 870 சென்ட் உறுதி என்றதும் பண்ணைகளில் மந்தை பெருத்தது. 1990இல் ஆடுகள் ஏறத்தாழ 17 கோடி. வாங்குபவர் குறையும்போது விளைச்சல் ஏறிக்கொண்டே போனது.

1989இல் தியானன்மென் சம்பவத்துக்குப் பிறகு சீனா வாங்குவது சுருங்கியது. அந்நியச் செலாவணி இல்லாமல் சோவியத் யூனியனும் விலகியது. பல வாரங்களில் ஏலத்துக்கு வந்த சரக்கில் பாதிக்கு மேல் கழகமே எடுக்க வேண்டியதாயிற்று. 1990 மே மாதம் அமைச்சர் ஜான் கெரின் தலையிட்டு ஆதார விலையை 700 சென்ட்டாகக் குறைத்து, இனி இது அசையாது என்று உறுதியும் கொடுத்தார். ஆனால் ஒருமுறை அசைந்த விலை மறுமுறையும் அசையும் என்று வணிகர்கள் கணக்குப் போட்டார்கள். இன்று ஏன் வாங்க வேண்டும், காத்திருக்கலாமே! அதனால் அந்தக் குறைப்பே ஏலத்தை இன்னும் முடக்கியது. ஆடு வளர்ப்பவர் கட்டும் வரி ஏறியது. விற்கவும் முடியாமல் தீவனம் போட்டுக் காக்கவும் முடியாமல், பண்ணைகளில் இயந்திரம் வைத்துக் குழி தோண்டி, ஆடுகளைச் சுட்டுப் புதைத்தார்கள். லட்சக்கணக்கில். தங்கள் கையால் வளர்த்ததைத் தங்கள் கையாலேயே அழிக்க நேர்ந்த அந்தக் குடும்பங்களின் துயரத்துக்கு 1988இல் அந்த விலையை ஏற்றியவர்கள் பொறுப்பேற்க வேண்டும்.

ஆதார விலை இருந்தது என்பதைத் திட்டத்தின் குறையாக நான் பார்க்கவில்லை. ஏற்றுவதற்கு வழி வைத்தவர்கள் இறக்குவதற்கு விதி வைக்கவில்லை. கையிருப்பு இவ்வளவு ஏறினால் விலை தானாக இவ்வளவு இறங்கும் என்று முன்பே எழுதிவைத்திருந்தால், விவகாரம் 1989இலேயே வெறும் கசப்போடு முடிந்திருக்கும்.

மீட்சிக்குப் பத்தாண்டு பிடித்தது. சந்தை எப்போது தலை தூக்கினாலும், கிடங்கில் இருக்கும் மலை எந்த நேரமும் இறங்கலாம் என்ற பயம் அதை அழுத்தியது. ராஸ் கார்னோ தலைமையில் 1993இல் நடந்த ஆய்வுக்குப் பிறகு, சரக்கைக் கட்டுப்பாடான அளவில் விற்கும் பொறுப்பு உல் இன்டர்நேஷனல் என்ற அமைப்புக்குப் போனது. 1998இல் ஆசிய நிதி நெருக்கடியில் விலை விழுந்ததும் விற்பனையே நிறுத்திவைக்கப்பட்டது. கடைசிப் பேல் 2001 ஆகஸ்டில்தான் விற்றது. மெதுவாக விற்றதால் பெரும் வீழ்ச்சி தவிர்க்கப்பட்டது உண்மை. அதே நிதானம், திட்டம் நடந்த காலத்தில் ஆடு மேய்க்காத இளம் பண்ணையாளரையும் பழைய சுமையைத் தூக்க வைத்தது.

2020ஐ இதனோடு வைத்துப் பாருங்கள். 2018 ஆகஸ்டில் 2,116 சென்ட் வரை போன சந்தைக் குறியீடு, தொற்றுக்காலத்தில் ஆலைகள் மூடியதும் 2020 செப்டம்பரில் 858க்கு விழுந்தது. அரசு வாங்கவில்லை. பலர் கம்பளியைக் கொட்டகையிலும் தரகர் கிடங்கிலும் தாங்களே வைத்துக்கொண்டு காத்தார்கள். அடுத்த ஆண்டின் நடுவில் குறியீடு 1,400ஐ ஒட்டி வந்துவிட்டது. தலைக்கு மேல் பொதுக் கையிருப்பு இல்லாததால் மீட்சி வேகமாக வந்தது. ஆனால் காத்திருக்க முடிந்தவர் கடன் குறைந்தவர். வங்கித் தவணைக்காக அந்தச் செப்டம்பரில் விற்றவருக்கு இந்த மீட்சியில் பங்கில்லை. பழைய திட்டம் எவரைக் காக்கப் பிறந்ததோ அவரேதான் இன்றும் வெளியே நிற்கிறார். இப்படி அலைக்கழிந்த பலர் இறைச்சிக்கான ஆட்டுக்கு மாறிவிட்டார்கள். மந்தை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் காணாத அளவுக்குச் சுருங்கி, 7 கோடியை ஒட்டி நிற்கிறது.

பழைய காலத்தின் இன்னொரு பிழையும் வேறு உருவில் திரும்பியிருக்கிறது. அன்று சரக்குக்குக் கடைசிப் புகலிடம் கழகம். இன்று ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவுக்குப் போகிறது. ஆஸ்திரேலியாவில் கம்பளியைக் கழுவிச் சீவும் ஆலைகள் பெரும்பாலும் மூடிவிட்டதால், அழுக்கு ரோமமாகவே கப்பல் ஏறுகிறது. இத்தாலிய ஆலைக்குப் போய்ச் சேர வேண்டிய கம்பளியிலும் ஒரு பகுதி சீன ஆலை வழியாகவே போகிறது. 1989ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது சிறிய ஆபத்தாகத் தெரியாது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வணிக உடன்பாடு கம்பளிக்கான இந்திய இறக்குமதி வரியை நீக்கியிருக்கிறது. லூதியானா போன்ற ஊர்களில் நூற்கும் திறன் ஏற்கெனவே இருக்கிறது. கழுவும் ஆலைகளும் அங்கே பெருகினால், பெய்ஜிங்கில் எடுக்கும் ஒரு முடிவால் மெல்பர்ன் ஏலக்கூடம் முடங்கும் அபாயம் குறையும். அதற்கு முதல் போட ஆஸ்திரேலிய உற்பத்தியாளர்கள் தயாராக வேண்டும். விலை நன்றாக இருக்கும் ஆண்டுகளில்தான் அவர்களால் அதைச் செய்ய முடியும். 1988இல் அந்தப் பணம் கையில் இருந்தபோது அதை மந்தையைப் பெருக்கவே செலவிட்டார்கள்.