வன்னியின் இரு நேரங்களும் லினக்ஸ் பதிவுகளும்

லினக்ஸ் கணினியில் கோளாறு நேரும்போது நிர்வாகி முதலில் நாடுவது முறைமைப் பதிவை, அதாவது இயங்குதளத்தின் மையமான கேர்னலும் அதன்மேல் இயங்கும் சேவைகளும் தம் செயல்களையும் தவறுகளையும் நேரத்தோடு வரிவரியாக எழுதிவைக்கும் குறிப்பேட்டை. 1980களில் எரிக் ஓல்மன் சென்ட்மெயில் அஞ்சல் மென்பொருளுக்காக உருவாக்கிய சிஸ்லொக்கே இப்பதிவுமுறையின் தோற்றுவாய். நினைவகம் போதாமல் கேர்னல் ஒரு தரவுத்தளச் சேவையை நிறுத்தியதா, வெளியார் எவரேனும் கடவுச்சொற்களை மாற்றிமாற்றி முயன்றனரா என்பவற்றை ஊகத்துக்கு விடாமல் ஓரிரு வரிகளில் காட்டிவிடுவது பதிவின் பெரும்பலம்.

ஆயினும் பதிவின் பெறுமதி அதன் நேரக்குறியிலேயே தங்கியிருக்கிறது என்பதற்கு வட இலங்கையின் வன்னிப் பகுதியின் வரலாறே சான்று. 1996 மே மாதத்தில் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளி, ஒக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்து, 2006 ஏப்ரல் 15 அன்றே பழைய நேரத்துக்கு மீண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியோ அம்மாற்றங்களை ஏற்காமல் பழைய நேரத்திலேயே தொடர்ந்தது. லினக்ஸின் நேரவலயத் தரவில் முழு இலங்கைக்கும் ‘ஆசியா/கொழும்பு’ என்ற ஒரே வலயமே உள்ளதால், 2002இல் வன்னியின் கிளிநொச்சியில் அவ்வலயத்தில் அமைத்த கணினியின் பதிவு ஊர்க் கடிகாரத்தைவிட அரை மணி கூடுதலாகவே காட்டியிருக்கும். பழைய சிஸ்லொக் வடிவம் ஆண்டையும் வலயத்தையும் எழுதாததால், அவ்வேறுபாட்டை அந்த வரிகளைக் கொண்டு அறியவும் இயலாது. 2009இல் வெளியான சிஸ்லொக்கின் புதிய நியமம் இரண்டையும் சேர்த்தது. லினக்ஸ் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பதிவேடான ஜேர்னல் உலக நேரத்தோடு, கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து கடந்த நேரத்தையும் குறிப்பதால், கடிகாரம் பிழைத்தாலும் அடுத்த மறுதொடக்கம் வரை நிகழ்வுகளின் வரிசை குலைவதில்லை. இம்முன்னேற்றம் உண்மையில் பாராட்டத்தக்கது.

மின்சாரம் திடீரென நின்றுவிடும் இடங்களில் வேறொரு குறை வெளிப்படுகிறது. இயல்பு அமைப்பில் ஜேர்னல் மிக அவசரமான செய்திகளை உடனேயும் ஏனையவற்றை 5 நிமிடத்துக்கு ஒருமுறையுமே வட்டில் உறுதிப்படுத்துவதால், விசாரணைக்கு வேண்டிய கடைசி நிமிடங்களே தொலைந்துவிடக்கூடும். பல அமைப்புகளில், நிலையான சேமிப்புக்குரிய அடைவு இல்லாவிடில் முழுப் பதிவும் நினைவகத்திலேயே தங்கி, மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். அத்துமீறி நிர்வாகி உரிமையைப் பெற்றவர் உள்ளூர்ப் பதிவை அழிக்கவும் வல்லவர். செயலிழந்த கணினி எதையும் எழுதாது என்பதால், பதிவின் மௌனத்தை நலமென்று கொள்ளும் கண்காணிப்பு மிகவும் ஆபத்தானது.

ஆகவே பதிவை வாசிக்கும் கலையைவிட அதைப் பாதுகாக்கும் ஒழுங்கே முதன்மையானது. வன்னியிலுள்ள அறிவியல்நகர்ப் பொறியியற் பீடத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கணினி பயிலும் மாணவர்கள் நேர ஒத்திசைவையும், பதிவுகளை உடனுக்குடன் வேறொரு கணினிக்கு அனுப்புவதையும், அனுப்பும் கணினி மௌனமானால் எச்சரிக்கை எழுப்புவதையும் முதலில் பழகிக்கொள்ள வேண்டும்.