டாஃபடில்ஸும் தார் ரோடும்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். புத்தகத்துக்கு எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறார்கள். ஒரு சைக்கிள் பாதைக்கு விமர்சனம் எழுதினால் என்ன? இந்த வாரம் அதுதான். போரடித்தால் தயங்காமல் அடுத்த பக்கம் போய்விடுங்கள், அங்கே ஜோக் இருக்கும்.

பாதை இங்கிலாந்தில் இருக்கிறது. பெயர் ‘ஸீ டு ஸீ’. கடலிலிருந்து கடலுக்கு! மேற்குக் கரையில் ஒயிட்ஹேவன் அல்லது வொர்க்கிங்டனில் கிளம்பி, கிழக்குக் கரையில் சண்டர்லண்ட் அல்லது டைன்மவுத்தில் முடியும். சுமார் 225 கிலோமீட்டர். 1994-ல் திறந்தார்கள். பின்சக்கரத்தை ஐரிஷ் கடலில் நனைத்துவிட்டுப் புறப்பட வேண்டும், முன்சக்கரத்தை வட கடலில் நனைத்து முடிக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். மேற்கிலிருந்து கிழக்கே போவதுதான் வழக்கம். ஏன் தெரியுமா? காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கிறது. முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுமாம்.

வழியில் லேக் டிஸ்ட்ரிக்ட். லோஸ்வாட்டர் ஏரி, வின்லாட்டர் கணவாய், கெஸ்விக் என்று முதல் பாதி முழுக்க மலையும் தண்ணீரும்தான். அதைத் தாண்டியதும் ஹார்ட்சைட் மேடு, 580 மீட்டர் உயரம். காற்று தள்ளினாலும் சரி, கடவுள் தள்ளினாலும் சரி, அங்கே மிதிக்க வேண்டியது நாம்தான்.

இந்த மாதிரி பாதைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ‘கண்கொள்ளாக் காட்சி’யோடு முடித்துக்கொள்கிறார்கள். அது விமர்சனம் இல்லை சார், போஸ்ட்கார்டு. ஏரி அழகாக இருப்பதில் பாதை போட்டவருக்கு என்ன பெருமை? என் கேள்வி வேறு. இந்தப் பாதையில் யார் போகலாம், யார் போக முடியாது? அதை வைத்துத்தான் மார்க் போடப்போகிறேன்.

இந்தக் கேள்வியை அந்த ஊரில் கிளப்பிவிட்டவர் நமக்கெல்லாம் தெரிந்தவர்தான். ஸ்கூலில் ‘டாஃபடில்ஸ்’ மனப்பாடம் செய்தோமே, அந்த வேர்ட்ஸ்வொர்த்! வொர்க்கிங்டன் வழியாகப் போனால் அவர் 1770-ல் பிறந்த காக்கர்மவுத் வரும். லேக் டிஸ்ட்ரிக்டுக்கு ஒரு வழிகாட்டி எழுதியவரும் அவரே. 1810-ல் பெயர் போடாமல் வந்த அந்தப் புத்தகம் பிறகு பல பதிப்புகள் கண்டது. ‘வாருங்கள், பாருங்கள்’ என்று ஊரையே கூப்பிட்ட மனிதர், 1844-ல் விண்டர்மியர் பக்கம் ரயில் வருகிறது என்றதும் பேப்பருக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார். இயற்கையை ரசிக்கும் பக்குவம் மெள்ள மெள்ளத்தான் வரும், தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாக ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவதால் அவர்களுக்கும் பிரயோஜனம் இல்லை, இடமும் கெடும் என்பது அவர் வாதம். 1847-ல் ரயில் வந்தேவிட்டது.

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. லீவு நாளில் அந்த ஏரிக்கரைகளில் கார் நிறுத்த இடம் தேடி அலைகிறவர்களைப் பார்த்தால் அவர் கவலை புரியும். மீதிப் பாதிதான் எனக்கு இடிக்கிறது. ரசிக்கத் தெரிந்தவன் யார் என்று வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிற வேலையைக் கவிஞருக்கு யார் கொடுத்தது?

சைக்கிள் பாதை இதற்குப் பதில் சொல்கிறது. ஸீ டு ஸீயின் நல்ல பகுதிகள் பல, செத்துப்போன ரயில் தடங்கள். ஒரு காலத்தில் இரும்பையும் நிலக்கரியையும் சுமந்தவை. கிழக்கே கான்செட் என்ற ஊரில் எஃகு ஆலையை 1980-ல் மூடினார்கள். பாதை அதை ஒதுக்கிவிட்டுப் போகாமல், அந்த ஊர் வழியாகவே போகிறது. வேர்ட்ஸ்வொர்த் வேண்டாம் என்ற தொழிலாளியின் பேரப்பிள்ளைகள், தாத்தா வேலை பார்த்த தடத்தில் டிக்கெட் இல்லாமல் சைக்கிள் ஓட்டலாம். இதற்காக ஒரு கைதட்டல்.

அடுத்து கெஸ்விக்கிலிருந்து த்ரெல்கெல்ட் வரை ஐந்து கிலோமீட்டர் சொச்சம். இதுவும் 1972-ல் மூடிய ரயில் தடம்தான். பக்கத்திலேயே ஆறு. 2015 டிசம்பர் புயல் வெள்ளத்தில் இரண்டு பாலங்கள் போய்விட்டன. ஐந்து வருடம் கழித்து, 2020 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள், இந்தத் தடவை வழவழவென்று தார் போட்டு. அதற்குத்தான் சண்டை! ‘கிராமத்து அழகு போச்சு, சைக்கிள்காரர்கள் பறப்பார்கள்’ என்று ஒரு கட்சி. ‘சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போக வேண்டாமா?’ என்று இன்னொரு கட்சி.

நான் அங்கே வாடகை சைக்கிளில் போனேன். லேசான ஏற்றம்தான். ஆனாலும் நாற்பதைத் தாண்டிய உடம்பாச்சே! பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பேட்டரி வைத்த சக்கர நாற்காலியில் ஒரு வயதான அம்மாள், மடியில் ஃபிளாஸ்கோடு, ‘குட் மார்னிங்’ சொல்லிவிட்டு என்னை ஓவர்டேக் செய்து போனார். அந்த நிமிஷமே நான் தார் கட்சியில் சேர்ந்துவிட்டேன். ஆற்றின் சத்தம் தாரில் ஒன்றும் குறையவில்லை. கூடுதலாக ஒருவர் கேட்டார், அவ்வளவுதான்.

அதற்காக முழு மார்க் போட்டுவிடாதீர்கள். ஐந்து கிலோமீட்டரை வைத்து மொத்தத்தையும் எடை போடக் கூடாது. இந்தப் பாதையைப் போட்டது, 1977-ல் பிரிஸ்டலில் சின்னக் குழுவாகத் தொடங்கி, சஸ்ட்ரான்ஸ் என்ற பெயரில் வளர்ந்த அறக்கட்டளை. நாடு முழுக்கப் பாதை வலை பின்னியவர்கள். 2018-ல் அவர்களே ஓர் அளவுகோல் வைத்தார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்த 12 வயதுப் பிள்ளை தனியாகப் பத்திரமாகப் போய்வர முடியுமா? அளந்து பார்த்தால் வலையில் 46 சதவிகிதம் மோசம் அல்லது படுமோசம்! 2020-ல், கிட்டத்தட்ட கால் பங்கை, சுமார் 6,000 கிலோமீட்டரை, பட்டியலிலிருந்து எடுப்பதாக அறிவித்தார்கள்.

நான் பி.காம். படித்தவன். எங்கள் பாஷையில் இதற்கு வாராக்கடன் தள்ளுபடி என்று பெயர். சொத்துக் கணக்கில் காட்டிக்கொண்டிருந்ததை, ‘இது தேறாது’ என்று தானே ஒப்புக்கொண்டு அடிப்பதற்குத் துணிச்சல் வேண்டும். பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த மொத்த நீளம் சட்டென்று இறங்கிவிடுமே! அந்த நேர்மைக்கு வணக்கம்.

ஆனால், தள்ளுபடி வேறு, வசூல் வேறு. நீக்கியதில் பெரும்பகுதிக்கு வகைதான் மாறியது. போர்டைக் கழற்றினார்கள், ரோடு அதேதான். அங்கே நேற்று ஓடிய லாரி இன்றும் ஓடும். பையன் போகக்கூடிய பாதை அவனுக்கு வந்துசேரவில்லை, ‘இது உனக்கில்லை’ என்ற உண்மை மட்டும்தான் வந்துசேர்ந்தது.

ஸீ டு ஸீயும் அப்படித்தான். ரயில் தடத்தில் குழந்தையைத் தனியாக விடலாம். தடம் முடிந்து கார்களோடு ரோட்டைப் பங்குபோடும் இடங்களில், ஹார்ட்சைட் ஏற்றத்தில், நாம் பின்னாலேயே ஓட வேண்டும்.

சரி, மார்க். அழகுக்கு நான் எதுவும் போடவில்லை, அது ஏரியின் மார்க். பாதைக்கு 100-க்கு 60. அந்த அம்மாளால் போக முடிந்த தூரத்துக்கு 40. பொய்க்கணக்கை அடித்ததற்கு 20. மீதி 40 என் கையில் இல்லை. குரங்குப் பெடலை விட்டு இப்போதுதான் சீட்டில் ஏறி உட்கார்ந்த ஒரு பொடியன், கடலிலிருந்து கடல் வரை தனியாக ஓட்டி முடித்துவிட்டு வந்து போடட்டும்!