ரூட்டர் தானே எடுக்கும் முடிவு

இரவு இரண்டு மணிக்கு ஒரு ரூட்டரின் சிபியு பயன்பாடு நாற்பது விநாடி உச்சத்துக்குப் போய் இறங்குகிறது. அதற்குள், ரூட்டர்கள் வழித்தடத் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் பிஜிபி அமர்வு ஒன்று அறுந்து மறுபடி சேர்ந்துவிடுகிறது. காலையில் பொறியாளர் உள்ளே நுழைந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். கண்காணிப்பு வரைபடத்தில் அதிகபட்சம் ஓர் ஊசிமுனை தெரியலாம். அந்த நேரத்தில் எந்தப் புராசஸ் சிபியுவைப் பிடித்து வைத்திருந்தது என்பதற்கு மட்டும் தடயம் இராது. நெட்வொர்க் வேலையில் இருப்பவர்களை இப்படி வந்து மறையும் பழுதுபோல் சோர்வடையச் செய்வது வேறொன்றில்லை.

நிகழ்வுக் கொள்கைகள் தம் மதிப்பைக் காட்டுவது இங்கேதான். சிஸ்கோவில் எம்பெடட் ஈவென்ட் மேனேஜர், சுருக்கமாக ஈஈஎம். ஜூனிப்பரின் ஜூனோஸில் ஈவென்ட் பாலிசி. அரிஸ்டாவில் ஈவென்ட் ஹேண்ட்லர். பெயர்கள் வேறானாலும் உள்ளே இருப்பது ஒரே ஏற்பாடு: 'இது நடந்தால் இதைச் செய்' என்று கருவியிடமே எழுதி வைத்துவிடுவது. லாக்கில் ஒரு செய்தி வரலாம், இன்டர்ஃபேஸ் விழலாம், குறித்த நேரம் வரலாம். உடனே கருவி தானே கட்டளைகளை ஓட்டி, விடையைக் கோப்பில் சேமிக்கும். சொல்லியிருந்தால் கான்ஃபிகையும் மாற்றும்.

மேலே சொன்ன பழுதுக்கு ஐந்தாறு வரி போதும். பிஜிபி அறுந்த செய்தி லாக்கில் விழுந்த கணத்தில் புராசஸ் பட்டியலையும் நினைவகப் பயன்பாட்டையும் இன்டர்ஃபேஸின் பிழை எண்ணிக்கையையும் எடுத்து எழுதிக்கொள் என்றால் எழுதிக்கொள்ளும். மறுமுறை அந்தப் பழுது வந்து போகும்போது தடயம் கையில் இருக்கும். தொலைவிலிருக்கும் மேலாண்மை சர்வரால் இதை நம்பகமாகச் செய்ய முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விசாரிக்கும் சர்வருக்கு நாற்பது விநாடி நிகழ்வு பெரும்பாலும் கண்ணில் படாது. அறுந்தது அந்தச் சர்வருக்குப் போகும் வழியே என்றால் விசாரிக்கவும் வழியில்லை. கருவிக்குள்ளேயே இருக்கும் கொள்கைக்கு இந்த இரண்டு தடையும் கிடையாது. பழுது நடக்கும் இடத்தில் நடக்கும்போது இருப்பதுதான் அதன் முழு பலம்.

அதன் பெரிய குறையும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. கருவிக்குத் தெரிவது தன்னை மட்டும். தன் லாக், தன் போர்ட்டுகள், தன் எண்ணிக்கைகள். தனக்கு நேர்ந்தது தன் பழுதா, ஊருக்கே வந்த பழுதா என்று அதனால் பிரித்தறிய முடியாது. தடயம் சேகரிக்கும்வரை இந்த அறியாமையால் கேடில்லை. தவறான நேரத்தில் எடுத்த பட்டியல் கொஞ்சம் சேமிப்பிடத்தை வீணாக்கும், அவ்வளவுதான். நிலையை மாற்றும் செயலில் கொள்கை இறங்கும்போது கணக்கு மாறுகிறது.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவை சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்புப் பணியில் கொடுத்த ஒரு கட்டளை தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்ததே தொடக்கம். ஆனால் உலகத்தின் கண்ணிலிருந்து அந்தத் தளங்களை மறைத்தது ஒரு தானியங்கி விதி. தளப் பெயரை முகவரியாக்கித் தரும் ஃபேஸ்புக்கின் டிஎன்எஸ் சர்வர்கள் தரவு மையங்களோடு பேச முடியாவிட்டால், 'என் இணைப்பில் கோளாறு' என்று கருதித் தம் பிஜிபி அறிவிப்புகளைத் திரும்பப் பெறும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஒரு சர்வர் கெட்டு மற்றவை நன்றாக இருக்கும் நாளில் இது நல்ல விதி. பயனர்கள் நல்ல சர்வர் பக்கம் போய்விடுவார்கள். அன்று எல்லாச் சர்வர்களும் ஒரே நேரத்தில் அதே முடிவுக்கு வந்து ஒன்றாக விலகிக்கொண்டன. சர்வர்கள் உயிரோடு இருந்தும் அவற்றை அடைய வழி இல்லாமல் போயிற்று.

2023 நவம்பர் 8 அன்று ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் நெட்வொர்க்கில் நடந்ததும் இதே சாயல். வெளியிலிருந்து வந்த வழித்தடத் தகவல் மாற்றங்கள் முன்பே வைத்திருந்த எல்லையைத் தாண்டியதும், சுமார் 90 ரூட்டர்கள் தற்காப்புக்காகத் தம்மைத் தாமே தனிமைப்படுத்திக்கொண்டன. அந்த எல்லைகள் தயாரிப்பாளர் வைத்திருந்த இயல்பு மதிப்புகள். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் சேவை இழந்தார்கள். அவசர உதவிக்கான 000 எண்ணை அழைத்துக் கிடைக்காமல் போனவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். பல இடங்களுக்கு ஆட்களே நேரில் போய்க் கருவிகளை மீட்க வேண்டியிருந்தது. இந்த இரண்டு நிகழ்வுகளும் நாம் ஒரு கிளை அலுவலக ரூட்டரில் எழுதும் பத்து வரிக் கொள்கையைவிடப் பல மடங்கு பெரியவை. ஆனால் தர்க்கம் ஒன்றேதான். 8.8.8.8 என்ற பொது டிஎன்எஸ் முகவரி பிங்குக்குப் பதில் தராவிட்டால் மாற்று லிங்க்குக்கு மாறு என்று ஐம்பது கிளைகளிலும் எழுதியிருந்தால், அந்த முகவரி பதில் தராத ஒரு நாளில் ஐம்பதும் ஒருசேர மெலிந்த மாற்று லிங்க்கில் வந்து விழும்.

எல்லை தவறாக இருந்தால் தற்காப்பு விதியே தீங்காகும் என்ற பாடத்தை இணையம் முன்பே ஒருமுறை படித்திருக்கிறது. அடிக்கடி விழுந்து எழும் வழித்தடங்களைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைக்கும் ரூட் ஃபிளாப் டாம்பிங் முறையை 1998-இல் ஆர்எஃப்சி 2439 என்ற இணைய வரையறை ஆவணம் வகுத்தது. சிஸ்கோவின் இயல்பு மதிப்பில் ஒரு ஃபிளாப்புக்கு 1000 தண்டப் புள்ளி, 2000 தாண்டினால் ஒதுக்கம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளி பாதியாகும். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ஒரு வழித்தடம் ஒரே ஒருமுறை விழுந்தாலும், மாற்று வழிகளைத் தேடும் பிஜிபி பல செய்திகளைக் கிளப்பும். தொலைவிலுள்ள ரூட்டர் அவற்றைப் பல ஃபிளாப்புகளாக எண்ணிவிடும். 2002-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. ஒருமுறை தடுமாறிய நல்ல வழித்தடங்கள் ஒரு மணி நேரம்வரை தண்டிக்கப்படக்கூடும். 2006-இல் ஐரோப்பிய நெட்வொர்க் இயக்குபவர்களின் ரைப் சமூகம் இந்த முறையே வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2013-இல் ஒதுக்க எல்லையைக் குறைந்தது 6000 ஆக்கினால் பயன்படுத்தலாம் என்று திருத்திக்கொண்டது. விதியின் வடிவம் அப்படியே இருந்தது. மாறியது எண் மட்டும். ஆகவே ஒரு கொள்கையைப் படிக்கும்போது என் கண் முதலில் போவது அதிலுள்ள எண்களிடம்தான்: எத்தனை முறை, எத்தனை விநாடிக்குள், எவ்வளவு நேரம் கழித்து. ஜூனோஸில் 60 விநாடிக்குள் மூன்று முறைக்கு மேல் நிகழ்ந்தால் மட்டும் செயல்படு என்று எழுத முடியும். ஈஈஎம்மிலும் எண்ணிக்கை, கால அளவு, இரு ஓட்டங்களுக்கு இடைவெளி எல்லாம் உண்டு. இவை ஒன்றுமே இல்லாமல் போர்ட்டை மூடித் திறக்கும் கொள்கையை நான் ஏற்கமாட்டேன். மூடித் திறப்பதே இன்னொரு 'லிங்க் விழுந்தது' செய்தியைப் பிறப்பிக்கும். அது அதே கொள்கையை மறுபடி எழுப்பும்.

அதிகாரம் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூனோஸில் பயனர் பெயர் குறிப்பிடாவிட்டால் கொள்கை ரூட் (root) பயனரின் முழு உரிமையோடு ஓடும். ஒவ்வொரு கட்டளைக்கும் அனுமதி சோதிக்கும் சிஸ்கோ கருவியில் ஈஈஎம் கட்டளைகள் மறுக்கப்படும். அதற்கொரு பயனரை ஒதுக்குவதை விட்டு, சோதனையையே தாண்டும் சொல்லைச் சேர்த்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மனிதருக்கு மறுத்த உரிமையை எழுதிவைத்த வரிகளுக்குக் கொடுப்பது தவறு. கொள்கை செய்த கான்ஃபிக் மாற்றம் மையக் களஞ்சியத்தில் பதிவாகாது என்பதும் இதோடு சேர்ந்த தொல்லை. அடுத்த முறை அங்கிருந்து கான்ஃபிகைத் தள்ளும்போது அது சொல்லாமல் அழியும்.

எனக்கு அதிகக் கவலை தருவது கொள்கைகளின் ஓசையற்ற சாவு. ஈஈஎம் கொள்கைகள் பல, லாக் செய்தியின் எழுத்துகளைப் பொருத்திப் பார்ப்பவை. அந்தச் செய்திகள் மனிதர் படிப்பதற்காக எழுதப்பட்டவை. மென்பொருள் மேம்படுத்தும்போது ஒரு சொல் மாறினாலும் பொருத்தம் தவறிவிடும். ஓடாத கொள்கை எந்த எச்சரிக்கையும் தராது. காவல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே இருப்போம். ஜூனோஸ் நிகழ்வுகளுக்குப் பெயரும் பண்புகளும் கொடுத்து அவற்றைக் கொண்டு பொருத்துவது இந்த வகையில் தெளிவாக மேலானது.

எனவே நான் வகுத்துக்கொள்ளும் எல்லை இது. தடயம் சேகரிக்கும் கொள்கைகளைத் தாராளமாக எழுதலாம். கோப்புகள் வெளி சர்வருக்குப் போய்ச் சேர்ந்து ஃபிளாஷ் நிரம்பாமல் பார்த்துக்கொண்டால் போதும். நிலையை மாற்றும் கொள்கை ஒருமுறை மட்டும் செய்து நின்றுகொண்டு ஆளைக் கூப்பிட வேண்டும். பழைய நிலைக்கு எப்போது திரும்புவது என்பதும் அதிலேயே எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு மென்பொருள் மேம்பாட்டுக்குப் பிறகும் நிகழ்வைச் செயற்கையாக எழுப்பிப் பார்க்க வேண்டும். ஜூனோஸின் ஷெல்லில் லாகர் கட்டளை இதற்கென்றே இருக்கிறது. ஆய்வகத்தில் போர்ட்டிலிருந்து கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது அதைவிட நல்லது. ஈஈஎம்மின் வரலாற்றுப் பட்டியலில் நீண்ட காலம் ஒருமுறைகூடத் தலைகாட்டாத கொள்கை இருந்தால், அடுத்த பராமரிப்பு நேரத்தில் முதலில் சோதிக்க வேண்டியது அதைத்தான்.