லங்கா ராணியின் மகள்

‘லங்கா ராணி’ நாவலை எழுதிய அருளரின் மகள் ஒரு பொப் பாடகி என்பது நம் இலக்கியக்காரர் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதை ஒரு வேடிக்கைத் தகவலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி மாயா அருட்பிரகாசத்தின் பாட்டுகளை ஓர் இலக்கியப் பிரதியைப் போல வாசிக்க வேண்டும் என்று எனக்குப் பல காலமாக எண்ணம்.

1977 ஓகஸ்ட் கலவரத்தில் கொழும்புத் தமிழரைக் காங்கேசன்துறைக்கு ஏற்றிவந்த கப்பல்தான் லங்கா ராணி. அதைக் கதைக்களமாக்கியவர் ஈரோஸ் இயக்கத்தைத் தொடக்கியவர்களில் ஒருவர். மகள் 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, 1986இல் தாயோடு அகதியாக மீண்டும் லண்டன் போனவர். முதல் இசைத்தட்டுக்குத் (2005) தகப்பனின் இயக்கப் பெயரான ‘அருளர்’. இரண்டாவதற்குத் (2007) தாயின் பெயரான ‘கலா’.

இந்த இசை எங்கிருந்து வந்தது? எழுபதுகளின் கடைசியில் பிரித்தானியாவில் ‘நியூ வேவ்’ என்றொரு அலை எழுந்தது. ஷெபீல்டின் ஹியூமன் லீக், பாசில்டனின் டெபெஷ் மோட் போன்ற குழுக்களில் இருந்தவர்கள் தேர்ந்த வாத்தியக்காரர்கள் அல்லர். மலிவாகக் கிடைத்த சின்தசைசரில் விரல் வைத்துப் பழகிய தொழில் நகரத்து இளைஞர்கள். சங்கீதம் கற்றவனுக்குத்தான் பாட்டு என்ற கதவை அந்த இயந்திரம் உடைத்தது. தொண்ணூறுகளில் அதே அலையை மீட்டெடுத்த இலாஸ்ரிகா குழுவின் ஜஸ்ரின் பிரிஷ்மன், தம் குழுவுக்கு அட்டைப்படம் வரைந்து கொடுத்த மாயாவிடம் ஒரு ரோலண்ட் எம்.சி. 505 இயந்திரத்தைக் கொடுத்தார். தாளமும் இசையும் ஒரே பெட்டிக்குள். அதை வைத்துக்கொண்டு அறைக்குள் இருந்து உருவாக்கியவைதான் ‘அருளர்’ பாட்டுகளின் கரு. ஹார்மோனியமே வாங்க வழியில்லாத ஊர்களில் இருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் விளங்கும்.

‘கலா’வை அவருடைய சிறந்த ஆக்கமாக நான் கருதுகிறேன். சென்னைக்குப் போய் உறுமி மேளத்தைப் பதிவு செய்து ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் வைத்தார். இயந்திரத் தாளத்தை அந்த மேளம் மேவி நிற்கிறது. உறுமி கேட்ட அந்தக் காதுக்கு நம் றபானும் பக்கீர் பைத்தும் எட்டவில்லை. குறையாகச் சொல்லவில்லை, ஆசையாகச் சொல்கிறேன்.

ஆனால் ‘பேப்பர் பிளேன்ஸ்’ விடயத்தில் எனக்கு உடன்பாடில்லை. த கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் இசைத் துண்டின் மேல் கட்டப்பட்ட இது, 2008இல் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. அமெரிக்க விசா இழுபட்ட கோபத்தில், குடியேறியைக் கொள்ளைக்காரனாகப் பார்க்கும் கண்ணைப் பகடி செய்கிறார். பகடி எனக்கும் விளங்குகிறது. எனினும் துவக்கு வெடியைத் தாளமாக்கியிருப்பதை, 2009இன் தொடக்கத்தை இந்த மண்ணில் கடந்தவர்கள் மத்தியில் இருந்து கேட்கும்போது தலையாட்ட முடியவில்லை. கண்டாவளையில் அந்தச் சத்தம் இசைக்கருவி அல்ல. லண்டன் கேட்பவனுக்கு அது புதுமை. இங்கே ஒரு தாய் கதவைச் சாத்துவாள்.

2015இல் வந்த ‘போர்டர்ஸ்’ வேறு ரகம். படத்தையும் அவரே நெறியாள்கை செய்தார். முள்வேலி ஏறும் மனிதர்கள், வள்ளங்களில் நெருங்கியிருக்கும் மனிதர்கள், மனித உடல்களாலேயே அடுக்கப்பட்ட ஒரு படகு. துவக்கு இல்லை. அவர் அணிந்திருந்த மேற்சட்டையில் விமானக் கம்பனிப் பெயரைக் ‘கடற்கொள்ளையர்’ என்று மாற்றி எழுதியதற்குப் பாரிஸ் உதைபந்தாட்டக் கழகம் ஆட்சேபக் கடிதம் அனுப்பியது. அத்தனை சவங்கள் கரையொதுங்கிய ஆண்டில் கழகத்தின் கண்ணுக்குச் சட்டைதான் பட்டிருக்கிறது!

தகப்பனின் கப்பலும் மகளின் படகும் ஒரே கதையின் இரு அத்தியாயங்கள். இடையில் ஓர் அத்தியாயம் விடுபட்டிருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டியிலிருந்து கற்பிட்டிக்கு வள்ளத்தில் போனபோது எனக்குப் பத்து வயது. மாயா ஊரைவிட்டுப் போனதும் ஏறக்குறைய அந்த வயதில்தான். உலகத்து அகதிகளையெல்லாம் அழைத்த அவர் பாட்டுகளில் பலஸ்தீனர் வருகிறார்கள், ஆபிரிக்கர் வருகிறார்கள். அதே தமிழ் பேசி, அதே மாகாணத்திலிருந்து போன நாங்கள் வரவில்லை. அவரை மட்டும் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. அதை எழுதாத தமிழ்ப் புனைகதையாளர்களின் பட்டியல் நீளமானது.

போன தவணை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘போர்டர்ஸ்’ படத்தைத் தொலைபேசியில் போட்டுக் காட்டினேன்.

“சேர், வள்ளத்தில இருக்கிறது எங்கட ஆக்களே?” என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

“நானும் ஒருக்கா இப்பிடி வள்ளத்தில போனனான்” என்றேன்.

“இந்தியாவுக்கோ சேர்?”

“இல்லை, கற்பிட்டிக்கு.”

கற்பிட்டிக்கு ஏன் ஓட வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை. மணியடித்துவிட்டது. அடுத்த பாடவேளையையும் கேட்டு வாங்கினேன்.