பள்ளி வரலாற்று வகுப்பில் பெரிக்கிளிஸின் நீத்தார் புகழுரை: தூசிடிடீஸின் நூலமைப்பை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பண்டைக் கிரேக்க நாகரிகத்தைப் பள்ளியில் கற்பிக்கும்போது ஏதென்ஸ் மக்களாட்சிக்குச் சான்றாகப் பெரிதும் எடுத்தாளப்படுவது பெரிக்கிளிஸின் நீத்தார் புகழுரையாகும். தூசிடிடீஸ் எழுதிய பெலோபொனீசியப் போர் வரலாற்றில் இடம்பெறும் இவ்வுரையின் சில பத்திகள் மட்டும் நூலினின்று பிரிக்கப்பட்டு வகுப்பறைக்கு வருகின்றன. அவற்றைச் சூழ்ந்துள்ள ஈமச்சடங்கு வருணனை, கொள்ளைநோய்ப் பகுதி, பெரிக்கிளிஸ் பற்றிய நூலாசிரியரின் மதிப்பீடு ஆகியன விடுபடுகின்றன. இதனால் புகழ்மொழி வரலாற்றுச் செய்தியாகக் கொள்ளப்படுகிறது என்பதையும், நூலமைப்போடு இயைத்துப் படித்தால் அவ்வுரையே மாணவரின் வரலாற்றுச் சிந்தனைக்குத் தொடக்கமாக அமையும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தூசிடிடீஸ், பெரிக்கிளிஸ், நீத்தார் புகழுரை, ஏதென்ஸ் மக்களாட்சி, வரலாறு கற்பித்தல், மூலச்சான்று

முன்னுரை

கி.மு. 431இல் ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே பெலோபொனீசியப் போர் மூண்டது. அவ்வாண்டின் குளிர்காலத்தில், போரின் முதலாண்டில் மாண்ட வீரர்களுக்கு ஏதென்ஸ் நகரம் பொதுச் செலவில் ஈமச்சடங்கு நடத்தியது. அப்போது பெரிக்கிளிஸ் ஆற்றியதாகத் தூசிடிடீஸ் தரும் உரை, அவரது நூலின் 2ஆம் பாகத்தில் 35 முதல் 46 வரையுள்ள இயல்களில் அமைந்துள்ளது.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் உலக வரலாற்று வகுப்புகளில் இவ்வுரை மூலச்சான்றுப் பகுதியாகப் பரவலாகப் பயன்படுகிறது. இதற்கு அந்நாட்டின் வரலாறும் ஒரு காரணம். 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் இடுகாட்டில் எட்வர்ட் எவரெட் ஏறத்தாழ இரண்டு மணிநேரம் பேசியபோது, ஏதென்ஸின் ஈமச்சடங்கை நினைவுகூர்ந்தே தொடங்கினார். அவருக்குப்பின் ஆபிரகாம் லிங்கன் ஆற்றிய சிற்றுரையையும் பெரிக்கிளிஸின் உரையையும் இணைத்துப் படிப்பது ஒரு கற்பித்தல் மரபாகவே வளர்ந்துள்ளது.

இவ்வாறு வகுப்பறைக்கு வரும் பகுதி பெரும்பாலும் 37ஆம் இயலையும் அதனை அடுத்த சில பத்திகளையும் தாண்டுவதில்லை. அதிகாரம் சிலரிடமன்றிப் பலரிடம் உள்ளது, சட்டத்தின்முன் அனைவரும் சமம், வறுமை பொதுப்பணிக்குத் தடையன்று என்னும் கருத்துகள் அங்கு உள்ளன. ஏதென்ஸ் மக்களாட்சியின் இயல்புகள் யாவை என்னும் வினாவுக்கு மாணவர் இவற்றையே விடையாக எழுதுகின்றனர். ஒரு நகரம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது, அந்நகரம் இருந்த நிலையாக ஏற்கப்படுகிறது. இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

உரையும் அதனை எழுதியவரும்

முதற்கண் கருதத்தக்கது, இவ்வுரை யாருடையது என்பதாகும். தம் நூலில் வரும் உரைகள் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்து எழுதப்பட்டவை அல்ல என்பதைத் தூசிடிடீஸ் 1ஆம் பாகத்தின் 22ஆம் இயலிலேயே தெரிவித்துவிடுகிறார். உண்மையில் பேசப்பட்டவற்றின் பொதுக்கருத்தை இயன்றவரை ஒட்டிநின்று, ஒவ்வொரு சூழலுக்கும் பேசுவோர் எதைச் சொல்வது பொருந்தும் எனத் தமக்குத் தோன்றியதோ அதனை அமைத்ததாக அவர் விளக்குகிறார். எனவே புகழுரையைப் பெரிக்கிளிஸின் வாய்மொழிப் பதிவாகக் கொள்வதற்கு நூலாசிரியரே இடந்தரவில்லை.

தூசிடிடீஸ் போரை வெளியிலிருந்து பார்த்தவரும் அல்லர். கி.மு. 424இல் அவர் ஏதென்ஸின் படைத்தலைவராக இருந்தார். ஆம்பிபோலிஸ் நகரைக் காக்க இயலாமற்போனதால் இருபதாண்டுகள் நாடுகடந்து வாழ நேர்ந்தது. கி.மு. 404இல் ஏதென்ஸ் தோற்றதை அறிந்தவர் அவர். பெருமையின் உச்சத்தில் நின்று பேசப்பட்ட உரை, வீழ்ச்சியை அறிந்தவரின் எழுத்தில் வடிவம் பெற்றுள்ளது. வகுப்பறைப் பகுதியில் பெரிக்கிளிஸின் பெயர் மட்டும் தலைப்பில் நிற்கும்போது இவ்விரண்டாம் குரல் மறைந்துவிடுகிறது.

சடங்கும் சிதைவும்

புகழுரைக்கு முன்னுள்ள 34ஆம் இயல் சடங்கை விரிவாக வருணிக்கிறது. ஏதென்ஸின் பத்துக் குலங்களுக்கும் குலத்துக்கு ஒன்றாகச் சைப்ரஸ் மரப் பேழைகள் வருகின்றன. உடல் கிடைக்காதவர்களுக்காக ஒரு வெற்றுப் பாடை சுமந்து செல்லப்படுகிறது. மாண்டோரின் எலும்புகள் நகரின் அழகிய புறநகரிலுள்ள பொதுக் கல்லறையில் அடக்கப்படுகின்றன. ஒவ்வொருவருக்கும் உரிய மதிப்பும் ஒழுங்கும் இங்குக் காக்கப்படுகின்றன.

உரை 46ஆம் இயலில் முடிகிறது. அடுத்த இயலிலேயே கொள்ளைநோய் தொடங்கிவிடுகிறது. காலத்தால் இவற்றிடையே சில மாதங்கள் உள்ளன; எழுத்தில் சில வரிகளே உள்ளன. தாமும் அந்நோய்க்கு ஆட்பட்டு மீண்டவரான தூசிடிடீஸ், 52ஆம் இயலில் ஈமமுறைகள் குலைந்ததைக் காட்டுகிறார். பிறர் அடுக்கிய சிதையில் தம் பிணத்தை முந்தி வைத்துத் தீயிடுவோரும், எரிந்துகொண்டிருக்கும் சிதையின்மேல் தாம் சுமந்துவந்த உடலை எறிந்துவிட்டு அகல்வோரும் அங்கு வருகின்றனர். பத்துப் பேழைகளின் ஒழுங்கைப் படித்தவுடன் இதனைப் படிக்கும் வாசகர்க்கு இரண்டும் எதிரெதிராக நிறுத்தப்பட்டிருப்பது விளங்கும்.

இவ்வெதிர்நிலை சொல்லளவிலும் தொடர்கிறது. 41ஆம் இயலில் ஏதென்ஸ் குடிமகனின் உடல் எச்சூழலுக்கும் தன்னிறைவுடையது எனப் போற்றப்படுகிறது. நோயைப் பேசும் 51ஆம் இயலில், வலியதாயினும் மெலியதாயினும் எவ்வுடலும் அந்நோய்க்கு எதிரே தன்னிறைவுடையதாக இல்லை என்று அதே கிரேக்கச் சொல் மீண்டும் ஆளப்படுகிறது. மொழிபெயர்ப்புகள் பலவற்றில் ஈரிடத்தும் வெவ்வேறு சொற்கள் அமைவதால் இத்தொடர்பு புலப்படுவதில்லை. அவ்வாறே, 37ஆம் இயலில் எழுதாச் சட்டங்களுக்கும் பணியும் மக்களாகப் புகழப்படுவோர், 53ஆம் இயலில் கடவுளச்சமும் சட்ட அச்சமும் இழந்தவர்களாகக் காட்டப்படுகின்றனர். புகழுரையை மட்டும் படிக்கும் மாணவர் இந்நூலின் ஒரு பாதியையே காண்கிறார். மறுபாதி இன்றி முதற்பாதியின் பொருளும் முழுமை பெறுவதில்லை.

பெயரும் நடப்பும்

புகழுரை ஏதென்ஸின் ஆட்சிமுறைக்கு மக்களாட்சி என்னும் பெயரைச் சூட்டுகிறது. 65ஆம் இயலிலோ, பெரிக்கிளிஸின் காலத்தில் ஏதென்ஸ் பெயரளவில் மக்களாட்சியாகவும் நடப்பில் முதன்மையான ஒருவரின் ஆட்சியாகவும் இருந்தது எனத் தூசிடிடீஸ் தம் கூற்றாகவே உரைக்கிறார். பெரிக்கிளிஸைப் பெரிதும் மதித்த ஆசிரியரின் கருத்து இது. குறைகூறும் நோக்கில் எழுந்ததன்று. ஆயினும் பாடநூல் விடையோடு இது நேர்முரணாக நிற்கிறது.

அம்மதிப்பீட்டையும் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. கி.மு. 430இல் மக்கள் பெரிக்கிளிஸின்மேல் சினங்கொண்டு தண்டத்தொகை விதித்தனர் என்பதையும், பின்னர் அவரையே மீண்டும் படைத்தலைவராகத் தேர்ந்தனர் என்பதையும் அதே இயல் தெரிவிக்கிறது. தலைவரைத் தண்டிக்க இயன்ற மக்களின் ஆட்சியை ஒருவர் ஆட்சி எனல் தகுமா என்னும் வினா இதனால் எழுகிறது. பெரிக்கிளிஸின் கூற்றைத் தூசிடிடீஸைக் கொண்டும், தூசிடிடீஸின் கூற்றை அவர் தரும் நிகழ்ச்சியைக் கொண்டும் சோதிக்கும் வாய்ப்பு ஒரே இயலில் மாணவர்க்குக் கிடைக்கிறது. சான்றாய்வு என்பது இதுவே.

உரையில் இடம்பெறாதோர்

புகழுரையில் பெண்கள் ஓரிடத்தில் மட்டுமே சுட்டப்படுகின்றனர். புகழாகவோ பழியாகவோ ஆடவரிடையே மிகக் குறைவாகப் பேசப்படுவதே கைம்பெண்களுக்குச் சிறப்பு என்று 45ஆம் இயல் அறிவுரை கூறுகிறது. தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடியினராக இருந்தாலன்றிக் குடியுரிமை இல்லை என்னும் சட்டம் கி.மு. 451இல் பெரிக்கிளிஸின் முன்மொழிவால் வந்தது என்பதும் உரையில் இல்லை.

அடிமைகளின் நிலை இன்னும் கருதத்தக்கது. உரை அவர்களைப் பேசவில்லை, நூல் பேசுகிறது. கி.மு. 413இல் ஸ்பார்ட்டர் டெசிலியாவில் அரண் அமைத்தபின் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டு ஓடினர் என்றும், அவர்களில் பெரும்பகுதியினர் கைவினைஞர் என்றும் 7ஆம் பாகத்தின் 27ஆம் இயல் குறிக்கிறது. யாருடைய உழைப்பின்மேல் அந்நகரின் ஓய்வும் விழாக்களும் அமைந்திருந்தன என்பதைப் புகழுரைக்கு வெளியே சென்று தேட வேண்டியதில்லை என்பதன்று. நூலுக்கு வெளியே செல்ல வேண்டியதில்லை என்பதே இங்குச் சுட்டத்தக்கது.

ஏதென்ஸின் பேரரசு குறித்தும் இதே நிலை. அது கொடுங்கோன்மையை ஒத்தது, கைப்பற்றியது தவறாயிருக்கலாம், கைவிடுவதோ இடர் தரும் என்று பெரிக்கிளிஸே தம் இறுதி உரையில் (2ஆம் பாகம், இயல் 63) கூறுகிறார். கி.மு. 416இல் மெலோஸ் தீவு பணிய மறுத்தபோது, அகப்பட்ட வயதுவந்த ஆடவர் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர்.

புகழுரை என்னும் வகைமை

ஈமப் புகழுரை ஏதென்ஸில் நிலைபெற்ற ஓர் இலக்கிய வகைமை. நிகோல் லோரோ 1981இல் வெளியிட்ட ஏதென்ஸின் புனைவு பற்றிய ஆய்வுநூல், இவ்வகைமை ஏதென்ஸ் தனக்கென ஓர் உயர்ந்த உருவத்தைப் படைத்துக்கொண்ட களம் என நிறுவியது. பிளேட்டோ தம் மெனெக்சினஸ் உரையாடலில் இவ்வகைமையையே எள்ளல் தொனியில் கையாள்கிறார். பாடாண் பாட்டைப் பயில்வோர்க்கு இது புதிதன்று. புரவலனின் கொடையைப் பாடும் பாட்டிலிருந்து அவனது கருவூலக் கணக்கை எவரும் எழுதுவதில்லை. துறையறிந்தே பொருள் கொள்வர். அவ்வெச்சரிக்கை கிரேக்கச் சான்றுக்கும் வேண்டும்.

நூலினின்று பிரிந்த வரி எளிதில் முழக்கமாகிவிடுகிறது. 2003இல் வரையப்பட்ட ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தத்தின் முகவுரைக்கு முகப்பாக 37ஆம் இயலின் ஒரு வரி கிரேக்கத்திலேயே வைக்கப்பட்டது. 2004இல் கையொப்பமான வடிவில் அது இடம்பெறவில்லை. வகுப்பறைப் பகுதியும் அம்முகப்பு வரியைப் போன்றே செயற்படுகிறது.

வகுப்பறைக்குரிய வாசிப்பு

பதினைந்து வயது மாணவர்க்கு முழுநூலையும் கற்பிக்கக் காலம் இல்லை என்னும் மறுப்பு நியாயமானது. ஆயின் இங்கு வேண்டப்படுவது கூடுதல் நூல்கள் அல்ல, வேறுவகைத் தெரிவு. 37ஆம் இயலோடு 52, 65 ஆகிய இயல்களின் சிறுபகுதிகளைச் சேர்த்தால் ஒரு வகுப்பு வேளைக்குள் அடங்கும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. இவ்வாசிப்பு ஏதென்ஸை வெறும் பாசாங்காகக் காட்டிவிடாதா என்பது அது. அவ்வாறு முடிப்பதும் புகழுரையை நம்புவதுபோன்ற எளிய முடிவேயாகும். கி.மு. 427இல் கிளர்ச்சி செய்த மிட்டிலினி நகரின் ஆடவர் அனைவரையும் கொல்ல ஏதென்ஸ் மக்களவை முடிவுசெய்தது. மறுநாள் அதே அவை கூடி, கிளியோன், டயோடோட்டஸ் ஆகியோரின் வாதங்களைக் கேட்டுச் சிறு வேறுபாட்டில் அம்முடிவை மாற்றியது. இரண்டாம் கப்பல் விரைந்து சென்று கொலையைத் தடுத்தது. எனினும் கிளர்ச்சிக்குப் பொறுப்பெனக் கருதப்பட்டோர் கொல்லப்பட்டனர். கொடுமையை முடிவுசெய்ததும், அதனை மீளாய்ந்ததும் ஒரே மக்களாட்சிதான். இதனைக் கற்கும் மாணவர் புகழவோ பழிக்கவோ விரையார்.

முடிவுரை

நீத்தார் புகழுரை வகுப்பறையிலிருந்து அகற்றப்பட வேண்டியதன்று. தன் நூலோடு மீண்டும் இணைக்கப்பட வேண்டியது. தனித்துப் படித்தால் அது ஏதென்ஸ் எவ்வாறு இருந்தது என்பதற்கு விடையாகிறது. சடங்குக்கும் கொள்ளைநோய்க்கும் இடையே வைத்துப் படித்தால், ஒரு மக்கள் தம்மைப் பற்றிக் கொண்ட கனவு எதனால் தாங்கப்பட்டது, எங்கே உடைந்தது என்னும் வினாவாகிறது. தூசிடிடீஸ் தம் வாசகர்முன் வைத்தது இவ்வினாவையே. மக்களாட்சியில் வாக்களிக்கப்போகும் மாணவர்க்குத் தம் நாட்டுப் புகழுரைகளையும் இவ்வாறு படிக்கும் பயிற்சி வேண்டும். கிரேக்கப் பாடம் அப்பயிற்சிக்குத் தகுந்த இடமாகும்.